தூங்கி எழுந்த நெட்வொர்க் கார்டு முரண்டு பிடித்தால்: டிரைவரில் எங்கே பார்ப்பது

மூடி வைத்த கணினியைத் திறந்தால் நெட் இல்லை. டிரைவர் மாட்யூலை இறக்கி மறுபடி ஏற்றினால் வந்துவிடுகிறது. இந்தப் புகாரோடு என் கைக்கு வந்த டிரைவர்கள் ஒன்றிரண்டல்ல. பலரும் இறக்கி ஏற்றுவதையே ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வைத்துக்கொண்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். இறக்கி ஏற்றினால் சரியாகிறது என்பதே பெரிய துப்பு: கார்டு நன்றாக இருக்கிறது, ப்ரோப் கோடும் (சாதனத்தைக் கண்டறியும் நிரல் பகுதி) ஓப்பன் கோடும் (இன்டர்ஃபேஸைத் திறக்கும் பகுதி) நன்றாக இருக்கின்றன, தூக்கத்திலிருந்து எழுப்பும் ரெஸ்யூம் கோடு மட்டும் எதையோ விட்டுவிடுகிறது. மின்சாரம் போனால் கார்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். மறந்ததைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது டிரைவரின் வேலை. கீழே வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த வேலையில் நேர்ந்த விடுபடல்கள்தான்.

லினக்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஈதர்நெட் டிரைவரைக் கையில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எஸ்ஓசிக்குள் (ஒரே சிப்பில் அடங்கிய கணினி) இருக்கும் ஈதர்நெட்டுக்கு மாறுபடுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

சோதிக்கும் கணினியில் நேரடித் திரையோ சீரியல் கன்சோலோ வேண்டும். சந்தேகப்படுகிற கார்டு வழியாகவே எஸ்எஸ்ஹெச் போட்டு உட்கார்ந்தால் எதுவும் தெரியாது. கெர்னல் பூட் வரியில் "நோ கன்சோல் சஸ்பெண்ட்" சேருங்கள். இல்லையென்றால் கடைசியாக வரும் மிக முக்கியமான லாக் வரிகள் திரைக்கே வராது.

மூடியைத் திறந்து மூடி விளையாட வேண்டாம். ஆர்டிசிவேக் கட்டளைக்கு "மெம்" என்று நிலையையும் 20 வினாடியையும் கொடுத்தால் கணினி தானே தூங்கித் தானே எழும்.

அடுத்தது சிஸ்எஃப்எஸ்ஸின் (கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) பவர் அடைவில் இருக்கும் பிஎம்_டெஸ்ட் கோப்பு. கெர்னல் பிஎம் டீபக் வசதியோடு கட்டப்பட்டிருந்தால்தான் அது இருக்கும். அதில் "டிவைசஸ்" என்று எழுதிவிட்டுத் தூங்க வைத்தால் சாதனங்களின் சஸ்பெண்ட் கால்பேக்குகள் (தூங்க வைக்க கெர்னல் அழைக்கும் டிரைவர் ஃபங்ஷன்கள்) மட்டும் ஓடும், 5 வினாடி காத்திருக்கும், பிறகு ரெஸ்யூம் ஓடும். கார்டு மின்சாரத்தை இழக்காது. "பிளாட்ஃபார்ம்" என்று எழுதினால் ஒரு படி கீழே போய் நோ-ஐஆர்க்யூ கட்டமும் (சாதன இன்டரப்டுகள் நிறுத்தப்பட்ட கட்டம்) ஓடும். பிசிஐ கார்டு முழு இயக்க நிலையான டி0விலிருந்து அணைந்த நிலையான டி3க்குப் போவது அந்தக் கட்டத்தில்தான். விடையை இப்படிப் படியுங்கள்:

"டிவைசஸ்" சோதனையிலேயே கோளாறு வந்தால் தப்பு உங்கள் சஸ்பெண்ட், ரெஸ்யூம் கோடின் தர்க்கத்தில். அது தேறி "பிளாட்ஃபார்ம்" தோற்றால், டி3 போய் வருவதில் ஏதோ தொலைகிறது. இரண்டும் தேறி நிஜமான தூக்கத்தில் மட்டும் தோற்றால், மின்சாரம் முழுதாகப் போன பிறகு திரும்ப எழுதாத ரெஜிஸ்டர் ஒன்று இருக்கிறது, அல்லது மதர்போர்டின் ஃபர்ம்வேர் ஏதோ செய்கிறது.

பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் கோடைத் திறந்தால் நாள்கணக்கில் தவறான கோப்பில் தேடிக்கொண்டிருப்போம்.

மெம்_ஸ்லீப் கோப்பையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். "எஸ்2ஐடில்" (மேலோட்டமான தூக்கம்), "டீப்" (ஆழ்ந்த தூக்கம்) இரண்டில் எது அடைப்புக்குறிக்குள் இருக்கிறதோ அந்த வகைத் தூக்கம்தான் நடக்கிறது. ஒரே டிரைவர் ஒன்றில் ஓடி மற்றதில் விழுவது சகஜம்.

## அறிகுறி: கணினி தூங்கவே மறுக்கிறது

திரை அணைந்து உடனே திரும்பி வருகிறது, லாக்கில் "ஃபெயில்ட் டு சஸ்பெண்ட்" என்ற வரி. இது இருப்பதிலேயே சுலபமானது. பவர் அடைவில் உள்ள சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் அடைவுக்குள் கடைசியாகத் தோற்ற சாதனத்தின் பெயரும் பிழை எண்ணும் இருக்கும். உங்கள் கார்டுதானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். சில நேரம் பழி நெட்வொர்க் கார்டு மேல் விழும், குற்றவாளி யுஎஸ்பி ஹப்பாக இருக்கும்.

பிழை -16 என்றால் டிரைவர் "வேலையாக இருக்கிறேன்" என்று சொல்லி மறுத்திருக்கிறது. -110 என்றால் எதற்கோ காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. பெரும்பாலும் கேபிள் பக்கத்துச் சிக்னலைக் கையாளும் பிஹெச்ஒய் சிப்பைப் படிக்கப்போய். எஸ்ஓசி ஈதர்நெட்டில் ரன்டைம் பவர் மேலாண்மை ஏற்கனவே கடிகாரத்தை அணைத்திருக்க, சஸ்பெண்ட் கோடு அதை எழுப்பாமலேயே பிஹெச்ஒய்யோடு பேசும் எம்டிஐஓ பஸ்ஸில் படிக்கப் போனால் இதுதான் நடக்கும்.

என் அனுபவத்தில் ஒரு விதி: வேக்-ஆன்-லேனைத் தயார்செய்ய முடியவில்லை என்பதற்காக சஸ்பெண்ட் கால்பேக் பிழை திருப்பக் கூடாது. லாக்கில் எச்சரித்துவிட்டுத் தூங்க விடுங்கள். பைக்குள் போன லேப்டாப் தூங்காமல் சூடாகிக் கிடப்பதைவிட, நெட்வொர்க் வழியாக எழுப்ப முடியாமல் போவது சிறிய நஷ்டம்.

## அறிகுறி: தூங்கப் போகும்போதோ எழும்போதோ கணினி உறைந்துவிடுகிறது

இன்டர்ஃபேஸ் டவுன் ஆக இருக்கும்போது மட்டும் உறைகிறதா? முதலில் இதைச் சோதியுங்கள். இன்டர்ஃபேஸை அப் செய்து ஒரு முறை, டவுன் செய்து ஒரு முறை தூங்க வையுங்கள். டவுனில் மட்டும் உறைந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: நேப்பியை (வந்த பேக்கெட்டுகளைத் தொகுதியாக எடுக்கும் கெர்னல் முறை) நிறுத்தும் நேப்பி டிசேபிள் இரண்டாம் முறை அழைக்கப்படுகிறது. இன்டர்ஃபேஸை மூடும்போதே நேப்பி நிறுத்தப்பட்டுவிட்டது. சஸ்பெண்ட் கோடு "ஓடிக்கொண்டிருக்கிறதா" என்று கேட்காமல் மறுபடி நிறுத்தப் போகிறது. இரண்டாவது அழைப்பு ஒருபோதும் வராத அனுமதிக்குக் காத்துக் கிடக்கும். நெட்இஃப் ரன்னிங் என்ற ஒரே சரிபார்ப்பில் தீர்ந்துவிடும். எழுதியவர் கணினியில் இன்டர்ஃபேஸ் எப்போதும் அப்பாகவே இருந்திருக்கும், அதனால் அவருக்கு இது தெரியவே வந்திருக்காது.

அப் நிலையிலும் உறைகிறதா? ஆர்டிஎன்எல் பூட்டைப் பாருங்கள் (நெட்வொர்க் அமைப்பை மாற்றும்போது கெர்னல் பிடிக்கும் பொதுப் பூட்டு). சஸ்பெண்ட் கோடு பூட்டைப் பிடித்துக்கொண்டு, பின்னணி வேலை ஒன்று முடியட்டும் என்று காத்திருக்கிறது. அந்தப் பின்னணி வேலையோ அதே பூட்டைக் கேட்டு நிற்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்பார்கள். ரன்டைம் ரெஸ்யூமில் இது இன்னும் மோசம்: இன்டர்ஃபேஸைத் திறக்கும் பாதை பூட்டோடுதான் வருகிறது, அங்கிருந்து ரெஸ்யூம் கால்பேக் அழைக்கப்பட்டு அதுவும் பூட்டைக் கேட்டால் கதை முடிந்தது. பூட்டுகளின் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப் வசதியோடு கெர்னலைக் கட்டி ஓட்டினால், நிஜமாக உறைவதற்கு முன்பே இந்தப் பின்னலைச் சொல்லிவிடும். டிபிஎம் வாட்ச்டாக் இயக்கியிருந்தால் எந்தச் சாதனத்தின் கால்பேக்கில் நின்றது என்பதை ஸ்டேக்கோடு காட்டும்.

சீரியல் கன்சோலும் செத்துவிடுகிறதா? அப்படியானால் பூட்டுச் சிக்கல் அல்ல. அணைந்துபோன சாதனத்தின் ரெஜிஸ்டரை யாரோ தொடுகிறார்கள். பிசிஐ கார்டு டி3யில் இருக்கும்போது படித்தால் எல்லா பிட்டும் 1 ஆக வரும். இன்டரப்ட் லைன் வேறொரு சாதனத்தோடு பகிரப்பட்டிருந்தால், அந்தச் சாதனத்தின் இன்டரப்டுக்கு உங்கள் ஹேண்ட்லரும் ஓடும். நிலை ரெஜிஸ்டரைப் படிக்கும். எல்லா பிட்டும் 1 என்றால் "எல்லா நிகழ்வும் நடந்துவிட்டன" என்று நம்பி, தீராத வேலையைத் தீர்க்க சுற்றிக்கொண்டே இருக்கும். ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே அந்த மதிப்பைச் சோதித்து "என்னுடையது அல்ல" என்று திரும்புங்கள். எஸ்ஓசியில் கடிகாரம் அணைந்த பிளாக்கைத் தொட்டால் பஸ்ஸே நின்றுவிடலாம். அங்கே வாய்ப்பே தராமல் சஸ்பெண்டில் இன்டரப்டை நிறுத்திவிடுவதுதான் வழி.

## அறிகுறி: எழுந்தபின் கார்டே காணவில்லை

பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ ஓட்டிப் பாருங்கள். கார்டின் வரியின் கடைசியில் "ரெவ் எஃப்எஃப்" என்றும், விவரம் கேட்டால் "அன்நோன் ஹெடர் டைப் 7எஃப்" என்றும் வந்தால் கார்டு பஸ்ஸில் பதில் சொல்லவே இல்லை. லாக்கில் "டி3கோல்டிலிருந்து டி0வுக்கு மாற்ற முடியவில்லை" என்ற பொருளில் ஒரு வரியும் இருக்கும். டி3கோல்ட் என்பது மின்சாரம் முழுதாக வெட்டப்பட்ட டி3, டி3ஹாட் என்பது மின்சாரம் இருக்கும் டி3.

மலிவான சோதனையிலிருந்து தொடங்குங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தச் சாதனத்தின் டி3கோல்ட்_அலவுட் கோப்பில் 0 எழுதித் தூங்க வையுங்கள். இப்போது எழுந்துவிட்டால் முழு மின்வெட்டிலிருந்து மீள்வதில்தான் பிரச்சினை. அடுத்து, கார்டுக்கு மேலே உள்ள பிரிட்ஜின் பவர் கன்ட்ரோலை "ஆன்" ஆக்கிப் பாருங்கள். பிறகு ஏஎஸ்பிஎம்மை (பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்கின் மின்சிக்கன வசதி) அணைத்து ஒரு முறை.

அதன் பிறகு கோடு. பழைய டிரைவர்களில் சஸ்பெண்டுக்குள்ளேயே கான்ஃபிக் ஸ்பேஸை (கார்டின் பிசிஐ அமைப்பு ரெஜிஸ்டர்கள்) சேமித்து, பவர் நிலையை மாற்றி, ரெஸ்யூமில் எல்லாவற்றையும் திருப்பும் வரிகள் இருக்கும். டெவ்_பிஎம்_ஆப்ஸ் முறைக்கு மாறிய டிரைவரில் அவை தேவையில்லை. பிசிஐ கோர் நோ-ஐஆர்க்யூ கட்டத்தில் அவற்றைத் தானே செய்கிறது. நீங்களே சேமித்துவிட்டால், பவர் நிலையையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்று கோர் ஒதுங்கிவிடும். பாதியை நீங்களும் பாதியை அதுவும் செய்தால் இப்படிக் கார்டு நடுவில் தொங்கும். அந்த வரிகளை நீக்குவதுதான் நான் அதிகம் செய்த திருத்தம்.

நேர இடைவெளியும் உண்டு. டி3ஹாட்டிலிருந்து டி0வுக்கு வர விவரக்குறிப்பு 10 மில்லிவினாடி கொடுக்கிறது. எல்லா சிப்பும் அதற்குள் தயாராவதில்லை. சாதனத்தின் டி3ஹாட்_டிலே மதிப்பைக் கூட்டிப் பார்த்துச் சரியானால், அதை அந்தச் சிப்புக்கு மட்டும் விதிவிலக்காகச் சேருங்கள்.

இத்தனைக்குப் பிறகும், ரிமூவ் செய்து ரீஸ்கேன் செய்தும்கூட ரெவ் எஃப்எஃப் என்றே வந்தால், டிரைவர் கோடில் தேடுவதை நிறுத்துங்கள். அது போர்டின் மின்சாரப் பாதை அல்லது ஃபர்ம்வேர்.

## அறிகுறி: லிங்க் இருக்கிறது, பேக்கெட் இல்லை

அதிகம் வருவதும் அதிகம் நேரம் தின்பதும் இதுதான். இன்டர்ஃபேஸ் அப், லிங்க் 1000, விளக்கு எரிகிறது, பிங் போகவில்லை.

வேறொரு கணினியிலிருந்து இதை நோக்கித் தொடர்ந்து பிங் ஓடட்டும். எத்டூல் காட்டும் ஹார்டுவேர் எண்ணிக்கைகளையும் ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பையும் 10 வினாடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்து அருகருகே வையுங்கள்.

ஹார்டுவேர் பெறும் எண்ணிக்கை ஏறுகிறது, இன்டரப்ட் ஏறவில்லை. எல்எஸ்பிசிஐ விவரத்தில் "கன்ட்ரோல்" வரியைப் பாருங்கள். "பஸ்மாஸ்டர்" பக்கத்தில் கழித்தல் குறி இருந்தால் முடிந்தது. எம்எஸ்ஐ இன்டரப்ட் என்பதே நினைவகத்தில் எழுதும் ஒரு பஸ் பரிமாற்றம். பஸ் மாஸ்டர் (கார்டு தானே நினைவகத்தை அணுகும் அனுமதி) அணைந்திருந்தால் டேட்டாவும் வராது, வந்ததைச் சொல்லும் இன்டரப்டும் வராது. சஸ்பெண்டில் சாதனத்தை டிசேபிள் செய்த டிரைவர் ரெஸ்யூமில் எனேபிள் மட்டும் செய்தால் இந்தப் பிட் திரும்பாது. பஸ் மாஸ்டரைத் தனியாக அமைக்க வேண்டும். குறி கூட்டலாக இருந்தால் கார்டின் இன்டரப்ட் மாஸ்க் ரெஜிஸ்டரைப் பாருங்கள்.

இன்டரப்ட் ஏறுகிறது, கெர்னலின் பேக்கெட் எண்ணிக்கை ஏறவில்லை. நேப்பியை எனேபிள் செய்ய மறந்திருக்கலாம். இல்லையென்றால் ரிங்கின் முகவரி. டிஸ்கிரிப்டர் ரிங் (பேக்கெட் பஃபர்கள் எங்கே என்று சொல்லும் வட்டப் பட்டியல்) ரேமில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கார்டுக்குச் சொன்ன ரெஜிஸ்டர் அழிந்துவிட்டது.

இரண்டும் ஏறவில்லை, அல்லது கார்டின் "வடிகட்டி நிராகரித்தவை" எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு டிரைவரில், என்ன வருகிறது என்று பார்க்க டிசிபிடம்ப் ஓட்டினேன். நெட்வொர்க் ஓட ஆரம்பித்தது. நிறுத்தினேன், பிங் நின்றது. மறுபடி ஓட்டினேன்; பிங் வந்தது. மூன்று மாலை இப்படியே போனது. டிசிபிடம்ப் கார்டை ப்ராமிஸ்குவஸ் நிலைக்குத் தள்ளுகிறது, அப்போது முகவரி வடிகட்டி திறந்துவிடுகிறது என்பது பிறகுதான் உறைத்தது. அந்தக் கணினியில் இரண்டு கார்டுகள் பாண்டிங்கில் (சேர்த்து ஒரே இன்டர்ஃபேஸாக) இருந்தன, கார்டின் மேக் முகவரி மாற்றப்பட்டிருந்தது. எழுந்த கார்டோ ஈப்ராமில் இருந்த தன் பிறவி முகவரியை எடுத்துக்கொண்டு, கெர்னல் சொல்லும் முகவரிக்கு வரும் பேக்கெட்டை எல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ரெஸ்யூமில் மேக் முகவரியைத் திரும்ப எழுதும் ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். டிசிபிடம்பை "பி" (-p) தெரிவோடு ஓட்டினால் ப்ராமிஸ்குவஸ் ஆகாது. இரண்டு விதமாகவும் ஓட்டி வித்தியாசம் தெரிந்தால் தயங்காமல் வடிகட்டிக்குப் போங்கள்.

இதே குடும்பத்தில் பாதி நோய்களும் உண்டு. ஐபிவி4 ஓடுகிறது, ஐபிவி6 சிறிது நேரத்தில் செத்துவிடுகிறது என்றால் மல்டிகாஸ்ட் வடிகட்டி திரும்பவில்லை. ஏஆர்பி பிராட்காஸ்டில் போவதால் தப்பிக்கிறது, ஐபிவி6 அண்டைத் தேடல் மல்டிகாஸ்டில் போவதால் மாட்டிக்கொள்கிறது. சின்ன பிங் போகிறது, பெரிய பேக்கெட் போகவில்லை, எம்டியு (பேக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 என்றால் அதிகபட்ச ஃப்ரேம் அளவு ரெஜிஸ்டர். ஒரு விலேன் (ஒரே கேபிளில் பிரித்த தனி நெட்வொர்க்) மட்டும் ஊமை என்றால் விலேன் அட்டவணை. எல்லாம் ஓடியும் ஒரே சிபியூவில் சுமை குவிந்தால், பேக்கெட்டுகளை சிபியூக்களுக்குப் பங்கிடும் ஆர்எஸ்எஸ் அட்டவணை.

ஒவ்வொன்றாக ஒட்டுப்போடாதீர்கள். கார்டுக்கு எழுதும் எல்லா மதிப்பையும் டிரைவரின் ஸ்ட்ரக்டில் வைத்து, அங்கிருந்து ரெஜிஸ்டருக்கு எழுதும் ஒரே ஃபங்ஷனை ஓப்பன், ரீசெட், ரெஸ்யூம் மூன்றும் அழைக்கட்டும். ரெஸ்யூமுக்கென்று தனியாக ஒரு குட்டி இனிஷியலைசேஷன் வைத்திருக்கும் டிரைவர், புதிய வசதி சேரும்போதெல்லாம் உடையும். மதிப்புகளைக் கார்டின் ரெஜிஸ்டர்களிலிருந்தே படித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், கார்டு மறந்த பிறகு படிப்பதில் பயனில்லை. பிரதி டிரைவரிடம் இருக்க வேண்டும்.

## அறிகுறி: சில வினாடி ஓடி, பிறகு வாட்ச்டாக் எச்சரிக்கை

"நெட்டெவ் வாட்ச்டாக், டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்ட் அவுட்" என்று லாக்கில் வருகிறது. அனுப்பும் ரிங்கில் டிரைவரும் கார்டும் வேறு வேறு இடத்தைப் பார்க்கிறார்கள். கார்டு ரீசெட்டில் 0வது டிஸ்கிரிப்டருக்குப் போய்விட்டது. டிரைவரின் இண்டெக்ஸ் தூங்கும் முன் இருந்த 137லேயே நிற்கிறது. ரெஸ்யூமில் ரிங்கை முழுதாகத் துடைத்து, மிச்சமிருந்த பஃபர்களை விடுவித்து, இரண்டு இண்டெக்ஸையும் 0 ஆக்குங்கள்.

கூடவே பைட் க்யூ லிமிட் கணக்கையும் ரீசெட் செய்ய வேண்டும். இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். ரிங் காலி, ஆனால் "இன்னும் இத்தனை பைட் அனுப்பப்படவில்லை" என்ற பழைய கணக்கு நிற்பதால் க்யூ திறக்காது. கணக்கு எதிர்ப்பக்கம் பிசகினால் கெர்னலே விழும்.

டிவைஸ் அட்டாச் அழைப்பு ரெஸ்யூமின் கடைசி வரியாக இருக்கட்டும். ரிங், நேப்பி, இன்டரப்ட் எல்லாம் தயாரான பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்; முன்பே திறந்தால் காத்திருக்கும் பேக்கெட்டுகள் பாதி எழுந்த கார்டுக்குள் பாயும்.

## அறிகுறி: லிங்கே வரவில்லை, அல்லது 10ல் நிற்கிறது

முதலில் 5 வினாடி பொறுங்கள். ஆட்டோநெகோஷியேஷன் (இரு முனைகளும் வேகத்தைப் பேசி முடிவுசெய்வது) முடியக் கொஞ்சம் நேரம் ஆகும். பிறகு எத்டூலில் "ஆர்" தெரிவால் அதை மறுபடி தொடங்கிப் பாருங்கள். லிங்க் வந்துவிட்டால், வேக்-ஆன்-லேனுக்காகத் தூங்கும் முன் வேகத்தைக் குறைத்த டிரைவர் எழுந்தபின் பழைய விளம்பரப் பட்டியலை (எதிர்முனைக்குச் சொல்லும் வேகங்கள்) திருப்பவில்லை என்று அர்த்தம்.

வரவில்லையென்றால் வரிசைப் பிழையைத் தேடுங்கள். எம்டிஐஓ பஸ் தன் ரெஸ்யூமில் பிஹெச்ஒய்யை எழுப்பப் போகிறது. அந்தப் பஸ்ஸுக்குக் கடிகாரம் கொடுக்கும் மேக் (ஃப்ரேம்களைக் கையாளும் ஹார்டுவேர் பகுதி, மேக் முகவரி அல்ல) இன்னும் எழவில்லை. மேக்_மேனேஜ்டு_பிஎம் கொடியை ஏற்றிவிட்டு, பிஹெச்ஒய்யை நிறுத்துவதையும் எழுப்புவதையும் மேக் டிரைவரே செய்யட்டும்.

## அறிகுறி: தூங்கியவுடன் எழுந்துவிடுகிறது, அல்லது எழுப்பினாலும் எழவில்லை

உடனே எழுந்தால் பிஎம்_வேக்அப்_ஐஆர்க்யூ கோப்பு எந்த இன்டரப்ட் எழுப்பியது என்று சொல்லும். எத்டூலில் வேக்-ஆன்-லேனை "டி" ஆக்கி அணைத்துப் பாருங்கள். நன்றாகத் தூங்கினால் இரண்டு வாய்ப்பு: "யு", "பி" போன்ற, சாதாரண நிகழ்வுக்கும் எழுப்பிவிடும் தாராளமான வகை இயக்கத்தில் இருக்கிறது, அல்லது போன முறை எழுப்பியபோது ஏறிய பிஎம்இ (எழுப்பும் சமிக்ஞை) நிலைப் பிட்டை டிரைவர் அழிக்காமலேயே மறுபடி தூங்கப் போகிறது.

எழவே இல்லையென்றால், தூங்கும்போது போர்ட்டின் விளக்கைப் பாருங்கள். அணைந்திருந்தால் டிரைவர் பிஹெச்ஒய்யை அணைத்துவிட்டது, அல்லது போர்டு துணை மின்சாரத்தை வெட்டிவிட்டது. எரிந்தால் எத்டூலில் "ஜி" (மேஜிக் பேக்கெட்டுக்கு எழுவது) இருக்கிறதா, சாதனத்தின் பவர் வேக்அப் கோப்பில் "எனேபிள்ட்" இருக்கிறதா, பயோஸ் அமைப்பு இடம் கொடுக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். மேஜிக் பேக்கெட் 6 எஃப்எஃப் பைட்டும், அடுத்து மேக் முகவரி 16 முறையும், ஆக 102 பைட். அனுப்பும் கருவியில் பாண்டிங் முகவரியைக் கொடுத்து, கார்டு பிறவி முகவரிக்குக் காத்திருப்பதும் நடக்கும்.

## அறிகுறி: ஹைபர்நேட்டில் மட்டும்

ரேம் தூக்கம் நன்றாக இருந்து வட்டுத் தூக்கம் மட்டும் கெட்டால், ரெஸ்டோர் கால்பேக் கார்டின் நிலையை நம்புகிறது என்று பொருள். எழும்போது முதலில் பூட் ஆவது வேறொரு கெர்னல். அது கார்டைத் தன் போக்கில் தொட்டிருக்கலாம். ரெஸ்டோரில் கார்டை அடிமட்டத்திலிருந்து ரீசெட் செய்யுங்கள். ஃப்ரீஸ் கால்பேக்கில் (நினைவகத்தைப் படமெடுக்கும் முன் ஓடுவது) டிஎம்ஏ, அதாவது கார்டு நேரடியாக நினைவகத்தில் எழுதுவது, கட்டாயம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கெடுவது நெட்வொர்க் அல்ல, வேறு யாருடையதோ நினைவகம். சம்பந்தமே இல்லாத நிரல்கள் விழுந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

## அறிகுறி: எப்போதாவது ஒரு முறை

கைச் சோதனையில் பிடிபடாது. ஆர்டிசிவேக்கை 200 முறை சுற்றவிட்டு, பக்கத்தில் கனமான டிராஃபிக் ஓடட்டும். பெரும்பாலும் கிடைப்பது நிறுத்தும் வரிசையின் ஓட்டை: பின்னணி வேலையை ரத்துசெய்துவிட்டு அதன் பிறகு இன்டரப்டை நிறுத்துகிறார்கள். நடுவில் வந்த ஒரு இன்டரப்ட் அதே வேலையை மறுபடி வரிசையில் போட்டுவிடுகிறது. இன்டரப்ட் முதலில், வேலை அடுத்து. டைமருக்கும் இதே வரிசை.

## எப்போது கையைவிட்டுக் கொடுப்பது

பிஎம்_டெஸ்ட் எல்லா மட்டத்திலும் தேறி, டி3கோல்டை மறுத்தும் கார்டு பஸ்ஸில் வராமலிருந்தால்; அதே கார்டு வேறு மதர்போர்டில் ஒழுங்காக எழுந்தால்; ரீசெட் பிட்டை எழுதியும் அது அழியாமலே நின்றால். இந்த மூன்றில் ஒன்று கண்ணில் பட்டால் போர்டு தயாரிப்பாளரிடமோ சிப் தயாரிப்பாளரிடமோ போக வேண்டும். அவர்களிடம் வெளியாகாத பிழைப் பட்டியல் இருக்கும், மின்சாரப் பாதையை அலைக்காட்டியில் பார்க்கும் வசதியும் இருக்கும்.

போகும்போது தூங்கும் முன்னும் பின்னும் எடுத்த எல்எஸ்பிசிஐ முழு விவரம், பிஎம் செய்திகள் இயக்கிய கெர்னல் லாக், ஒவ்வொரு பிஎம்_டெஸ்ட் மட்டத்தின் விடை, மெம்_ஸ்லீப் மதிப்பு, பயோஸ் பதிப்பு, எத்தனை சுற்றில் எத்தனை முறை விழுந்தது என்ற கணக்கு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுங்கள். முன்பு ஓடிய கெர்னல் பதிப்பு தெரிந்தால் அதையும் சேருங்கள். கிட் பைசெக்ட் ஓட்டி உடைத்த மாற்றத்தையே கையில் கொடுத்தால் டிரைவரைப் பராமரிப்பவர் அன்றைக்கே பார்ப்பார்.